மண்பாண்ட வகுப்பு: முன்கூட்டியே என்னென்ன சொல்லிவிடுகிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. ஒருநாள் மண்பாண்ட வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் வந்த ஒருவர், சாயங்காலமே கோப்பையைக் கையோடு கொண்டுபோகலாம் என்று நினைத்திருந்தார். காய ஒரு வாரம், பிறகு சுமார் 1000 டிகிரி செல்சியஸில் முதல் சூளை, கிளேஸ் (சுட்டால் கண்ணாடி போலப் பளபளக்கும் மேற்பூச்சு) பூசி மறுபடி ஒரு சூளை என்றதும் முகம் வாடிவிட்டது. காய்ந்து சுட்டு முடிவதற்குள் அளவு மொத்தம் 10 சதவீதம் போலச் சுருங்கும் என்பதையும் நான் சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான்.

இன்னொன்று: சக்கரத்தில் கோணும்போது நான் கைவைத்துச் சரிசெய்தால் சிலருக்கு நிம்மதி, சிலருக்கோ "இது என் பானையே இல்லை" என்ற வருத்தம். நீங்கள் கேட்டுவிட்டுத்தான் தொடுவீர்களா? சூளையில் வெடித்தால் யார் பொறுப்பு? கட்டணம் வாங்குமுன் இதையெல்லாம் எழுதிக் கொடுப்பவர்கள், அந்தக் குறிப்பின் மாதிரி ஒன்று இருந்தால் பகிருங்கள். ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும், நீளமானால் யாரும் படிப்பதில்லை!