ஜாஸ் அருங்காட்சியகத்தில் உங்கள் மனத்தை விட்டு அகலாத கணம் எது?

மழைத்தூறல்:
நியூயார்க்கின் கொரோனா பகுதியில் அருங்காட்சியகமாக இருக்கும், ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் வீட்டை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். ஆகவே நீலச் சமையலறையையும் குளியலறையின் தங்கமுலாம் பூசிய குழாய்களையும் விட்டுவிடுகிறேன். மாடியில் அவருடைய அறையில் நின்றபோது வழிகாட்டி ஒரு பொத்தானை அழுத்த, அவர் தம் வீட்டிலேயே ஒலிநாடாவில் பதிந்துவைத்த பேச்சு ஒலித்தது. அந்தக் கரகரத்த குரல் எழுந்ததும் எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி சட்டென்று வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தார், நானும் திரும்பினேன். 1943 முதல் 1971இல் உறக்கத்திலேயே உயிர் பிரியும் வரை ஆம்ஸ்ட்ராங் வாழ்ந்த வீடு அது. அழைக்காத வீட்டுக்குள் நுழைந்துவிட்ட கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை.

வழிப்போக்கன்:
குரலைக் கேட்டால் எவருக்கும் அப்படித்தான் இருக்கும். ஓசையே எழுப்பாத ஒரு கருவிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கான்சஸ் சிட்டியின் அமெரிக்க ஜாஸ் அருங்காட்சியகத்தில், ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 1953 மே மாதம் டொராண்டோவின் மாஸி ஹாலில் வாசித்த பிளாஸ்டிக் சாக்ஸபோன் இருக்கிறது; 1994இல் லண்டன் ஏலத்தில் 93,500 பவுண்டு கொடுத்து கான்சஸ் சிட்டி நகரம் அதை வாங்கியது. வெளிறிய உடலையும் பித்தளை விசைகளையும் பார்த்து, பொம்மை போலிருக்கிறதே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற முதியவர் மறுமொழி ஏதும் கூறாமல், கண்ணாடிக்கு வெளியே தம் விரல்களை அந்த விசைகளின் வரிசைப்படி மெல்ல அசைத்தார். 34 வயதில் மறைந்த கலைஞரின் கருவியைப் பற்றி நான் சொன்ன அந்தச் சொல் இன்றும் உறுத்துகிறது.

பழைய இசைத்தட்டு:
வழிப்போக்கரே, ஓசையில்லை என்று நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. அதே கட்டடத்தில் புளூ ரூம் என்ற இசைக்கூடம் இருக்கிறது. மாலை நிகழ்ச்சி உள்ள நாளாகப் பார்த்துச் சென்றிருந்தால், சாக்ஸபோனைக் கண்ட கண்ணோடு அதன் ஒலியையும் கேட்டுவிட்டே திரும்பியிருப்பீர்கள்.

நானும் தவறியவன்தான். நியூ ஆர்லியன்ஸில், பழைய நாணயச்சாலைக் கட்டடத்திலுள்ள ஜாஸ் அருங்காட்சியகத்தில், சிறுவன் ஆம்ஸ்ட்ராங் பழகிய, ட்ரம்பெட் போன்ற ஊதுகருவியான கார்னெட்டை ஒரு நிமிடத்தில் கடந்து சென்றேன். புத்தாண்டு இரவில் துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டதற்காகச் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, அங்கேதான் முறையாக ஊதக் கற்றான் என்பதைப் பிறகே படித்தேன்.

ஆகவே இனிச் செல்பவர்களுக்குச் சொல்கிறேன்: காட்சிப்பொருள்களின் பட்டியலைத் தேடிப் படிப்பதைவிட, அந்தக் கலைஞரின் ஒரே ஓர் இசைத்தட்டையாவது பலமுறை கேட்டுவிட்டுச் செல்லுங்கள். ஆம்ஸ்ட்ராங் என்றால் 1928இல் பதிவான 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' போதும். துணைக்கருவி ஏதுமின்றி அவருடைய ட்ரம்பெட் மட்டும் எழும் தொடக்கம் சில நொடிகள்தாம். வீட்டில் அதைக் கேட்டுப் பழகிய பிறகு, அந்தக் கார்னெட்டின் முன் நின்று, காதொலிப்பானில் இன்னொரு முறை கேளுங்கள்.