கொலை வழக்கில் நால்வருக்கு ஆயுள்: மேல்முறையீட்டுக்குச் சேர்ந்து போவதா, தனியாகப் போவதா?

ஐந்தாம் எதிரியின் அக்கா:
வணக்கம். குற்றப்பத்திரிகையில் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், ஆறு பேர். அமர்வு நீதிமன்றம் இருவரை விடுவித்துவிட்டு, ஐந்தாம் எதிரியான என் தம்பி உட்பட நால்வருக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302 (கொலை), 149 (சட்டவிரோதக் கூட்டத்தில் ஒருவர் செய்த குற்றத்துக்கு எல்லோரும் பொறுப்பு) பிரிவுகளில் ஆயுள் தண்டனை விதித்திருக்கிறது. தீர்ப்பு வந்து 21 நாள் ஆகிறது. நால்வருக்கும் தங்கள் வக்கீலே மேல்முறையீடு போடுவார், வக்காலத்தில், அதாவது வக்கீலை நியமிக்கும் தாளில், கையெழுத்து மட்டும் போதும், செலவும் எங்களுடையது என்கிறார்கள் முதல் எதிரியின் வீட்டார். எங்களுக்கு வசதியில்லை, ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அரிவாள் முதல் எதிரியின் கையில் இருந்ததாகத்தான் சாட்சிகள் சொன்னார்கள். தம்பி அங்கே நின்றான், அவ்வளவுதான். கையெழுத்துப் போடச் சொல்லலாமா?

பழைய குமாஸ்தா:
போட வேண்டாம் அம்மா. முதலில் தீர்ப்பு நகலைப் பாருங்கள். சிறைத் தண்டனை பெற்றவருக்கு அதை இலவசமாகத் தந்தாக வேண்டும். உயர் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள் அவகாசம். சான்றிட்ட நகலுக்குக் காத்திருந்த நாள்கள் கழியும். அதை நம்பித் தூங்கிவிடாதீர்கள். தம்பியின் எண் வரும் வரிகளையெல்லாம் பென்சிலால் கோடிடுங்கள். முதல் தகவல் அறிக்கையில் பெயர் உண்டா? எந்தச் சாட்சி அவர் என்ன செய்ததாகச் சொன்னார்? எந்தக் காயத்தை அவர்மேல் ஏற்றினார்கள்? ஒரே தாளில் எழுதுங்கள்.

குற்றவியல் வக்கீல்:
"நின்றான், அவ்வளவுதான்" என்பது மட்டும் காப்பாற்றாது. சட்டவிரோதக் கூட்டத்தின் பொது நோக்கத்தில் பங்கு இருந்தால், வெறுங்கையோடு நின்றவருக்கும் 149-இல் கொலைத் தண்டனை உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்துக்குக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். குற்றச்சாட்டில் பெயர் சொன்ன ஆறு பேர்தான், அடையாளம் தெரியாத வேறு எவரும் இல்லை என்றால், இருவர் போக மிஞ்சுவது நால்வர். 149 ஆட்டம் காணும். துள்ளிக் குதிக்க வேண்டாம். பொது உட்கருத்தை, அதாவது கூடி வகுத்த எண்ணத்தைக் காட்டும் சாட்சியம் இருந்தால் 34-ஆம் பிரிவுக்கு மாற்றித் தண்டனையைத் தக்கவைக்க நீதிமன்றத்தால் முடியும். அங்கே 1945-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த மகபூப் ஷா வழக்கு உதவும்: ஒரே மாதிரியான எண்ணம் வேறு, கூடிப் பேசி வகுத்த பொது எண்ணம் வேறு.

இனி உங்கள் கேள்வி. "கொலையே நாங்கள் செய்யவில்லை" என்பது முதல் எதிரியின் வாதமாக இருக்கும். "செய்தவர் அவர், எனக்குப் பங்கில்லை" என்பது தம்பியின் வாதம். இரண்டையும் ஒரே வாய் எப்படிச் சொல்லும்? சிறையில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவானாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மனு கொடுக்கலாம். கூடவே, மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கும் மனுவும் போடச் சொல்லுங்கள்.

ஐந்தாம் எதிரியின் அக்கா:
நன்றி ஐயா. தாள் எழுதினேன். முதல் தகவல் அறிக்கையில் தம்பியின் பெயர் இல்லை. அ.சா.3, அதாவது அரசுத் தரப்பின் மூன்றாம் சாட்சி மட்டும், இறந்தவரின் கையைத் தம்பி பிடித்ததாகச் சொல்கிறார். போலீஸ் விசாரணையில் அவர் அதைச் சொல்லவில்லை. தனியாகப் போட்டால் விசாரணையும் தனியாக நடக்குமா?

குற்றவியல் வக்கீல்:
பெரும்பாலும் ஒரே அமர்வு, இரு நீதிபதிகள், எல்லாவற்றையும் சேர்த்தே கேட்பார்கள். ஆனால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் சலிக்க வேண்டும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல் 26 பேருக்கும் தூக்கு. 1999-இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்தது, மூவருக்கு ஆயுள், 19 பேர் வெளியே வந்தார்கள். அ.சா.3 போலீஸ் விசாரணையில் சொல்லாமல் விட்டதைக் கூண்டில் சேர்த்ததுதான் உங்கள் பிடி. குறுக்கு விசாரணையில் அதைக் கேட்டிருக்கிறார்களா?

பழைய குமாஸ்தா:
மற்றவர்கள் ஜெயித்தால் தம்பிக்கும் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். அப்படிக் கிடைத்ததும் உண்டு, கிடைக்காததும் உண்டு. ஹர்பன்ஸ் சிங் வழக்கில் மூவருக்கும் ஒரே தூக்குத் தண்டனை. ஒருவருக்கு ஆயுளாகக் குறைந்தது, இன்னொருவர் 1981-இல் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவருக்காக 1982-இல் உச்ச நீதிமன்றமே குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது.

ஐந்தாம் எதிரியின் அக்கா:
குறுக்கு விசாரணையில் கேட்டிருக்கிறார்கள் ஐயா, ஒரே ஒரு கேள்வி. "அப்போது பதற்றத்தில் விட்டுவிட்டேன்" என்று பதில். நேற்று சிறையில் தம்பியைப் பார்த்து, சட்ட உதவி மனுவில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். முதல் எதிரியின் அம்மா வெளிவாசலில் நின்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.