பினாங்கு குடும்பக் குழு: யாழினியின் வேதியியல் அறிக்கை

யாழினி: வணக்கம், பெரியப்பா. நடுநிலையாக்கல் வெப்பத்தை, அதாவது அமிலமும் காரமும் சேர்ந்து ஒரு மோல் நீர் உருவாகும்போது வெளிவரும் வெப்பத்தை, அளக்கும் சோதனையை இன்று ஆய்வுக்கூடத்தில் செய்தோம். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லிலிட்டரையும், அதே செறிவும் அளவும் கொண்ட சோடியம் ஹைட்ராக்சைடையும் பாலிஸ்டைரீன் குவளையில் கலந்தோம். அமிலம் 28.0 பாகை, காரம் 29.0 பாகை, கலவை 34.5 பாகை வரை ஏறியது. ஒரு மோலுக்கு 50.4 கிலோஜூல் என்று எனக்கு விடை வந்திருக்கிறது. ஆசிரியை தந்த மதிப்பு 57.3. விழுக்காட்டுப் பிழை காண எந்த எண்ணால் வகுக்க வேண்டும்?

பெரியப்பா: 57.3ஆல் வகுக்க வேண்டும், அம்மா. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 6.9, அதை 57.3ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 12.0 விழுக்காடு. உன் 50.4ஆல் வகுத்தால் 13.7 என்று வரும். அவரவர் விடையால் அவரவர் வகுத்தால், வகுப்பில் ஒருவர் பிழையை இன்னொருவர் பிழையோடு ஒப்பிட வழியே இருக்காது.

பட்டர்வொர்த் சித்தி: 12 விழுக்காடு அதிகமில்லையா, அத்தான்? எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு ஆண்டில் பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

யாழினி: என் மேசையில் இருந்த தோழி, தொடக்க வெப்பநிலையாக அமிலத்தின் 28.0ஐ மட்டும் எடுத்துக்கொண்டாள், சித்தி. அவளுக்கு 54.6 கிலோஜூலும் 4.7 விழுக்காட்டுப் பிழையும் வந்தன. நானும் அப்படியே எழுதலாமா?

பெரியப்பா: வேண்டாம். சம அளவில் இரண்டு கரைசல்களைக் கலந்தீர்கள். ஆகவே தொடக்கம் இரண்டின் சராசரியான 28.5தான், உயர்வு 6.0 பாகைதான். கலவையின் நிறையான 100 கிராமை அதன் தன்வெப்பமான 4.2ஆலும் உயர்வான 6.0ஆலும் பெருக்கினால் 2520 ஜூல், அதை உருவான நீரின் அளவான 0.05 மோலால் வகுத்ததுதான் உன் 50.4 கிலோஜூல். அரைப் பாகையைக் கூட்டியதாலேயே விடை 4.2 கிலோஜூல் நகர்ந்துவிட்டது, அது 57.3இல் 7 விழுக்காட்டுக்கும் மேல். அவளுடைய பிழை சிறிதாகத் தெரிவதற்குக் காரணம் தவறான தொடக்கம்தானே தவிர, நல்ல அளவீடு அன்று.

சித்தி, நீங்கள் கவலைப்பட வேண்டாம். 12 என்ற எண்ணை மறைக்காமல், அது எங்கிருந்து வந்தது என்று அவள் விளக்கினால் அதுவே நல்ல அறிக்கை.

யாழினி: அப்படியானால் காரணமாக எதை எழுதுவது, பெரியப்பா?

பெரியப்பா: வேறுபாட்டின் குறியை நீக்கிவிட்டுத்தான் விழுக்காட்டைக் கணக்கிடுகிறோம், ஆனால் காரணம் தேடும்போது அந்தத் திசைதான் முக்கியம். உன் விடை குறைவாக வந்திருப்பதால், வெளிவந்த வெப்பத்தில் ஒரு பகுதி குவளைக்கும் வெப்பமானிக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் போயிருக்க வேண்டும். குவளைக்கு மூடி இருந்ததா?

யாழினி: இல்லை. மேலே மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியப்பா: அவை இரண்டையும் எழுது. மறுபடி செய்ய வாய்ப்புக் கிடைத்தால் மூடி போட்டு, காரத்தை ஒரே மூச்சில் ஊற்றிக் கலக்கி, உச்ச வெப்பநிலைக்குப் பிறகும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள். அந்த இறங்கும் கோட்டைக் கலந்த நொடி வரை பின்னோக்கி நீட்டினால், இழப்பில்லாதபோது ஏறியிருக்கக்கூடிய வெப்பநிலை கிடைக்கும். இன்னொன்று: அடுத்து எத்தனோயிக் அமிலத்தை வைத்துச் செய்யும்போது 57.3ஐ எடுக்காதே. அது வீரியம் குறைந்த அமிலம். அயனியாகப் பிரிவதற்கே கொஞ்சம் ஆற்றல் செலவாவதால் அதன் மதிப்பு இயல்பாகவே குறைவு.

யாழினி: சரி, பெரியப்பா. கணிப்பானில் 12.04 என்று வருகிறது, அப்படியே எழுதட்டுமா?

பெரியப்பா: 12 போதும். அரைப் பாகை வரை மட்டுமே படிக்கக்கூடிய வெப்பமானி அந்தத் தசம இலக்கங்களைத் தாங்காது.