புதுப்பிப்பு: ஒரு சேர்வர், இரண்டு கணினி, நேரடிக் கேபிள்

ஹட்டனில் எங்கள் வீட்டுக் கோப்புச் சேர்வரைச் சுவிட்ச் (பல கணினிகளைக் கேபிளால் ஒன்றாக இணைக்கும் பெட்டி) இல்லாமல் என் கணினிக்கும் தம்பியின் கணினிக்கும் நேரடியாக இணைத்தால் ஒன்றுதான் வேலை செய்கிறது, ஏன் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். தவறு என்னுடையதுதான்.

சேர்வரின் இரண்டு போர்ட்டுக்கும் (கேபிள் செருகும் இடம்) 192.168.10 என்று தொடங்கும் ஒரே வரிசையிலேயே முகவரி கொடுத்திருந்தேன். அதனால் தம்பிக்குப் போகவேண்டிய பதிலையும் சேர்வர் என் கேபிளிலேயே அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது என் இணைப்புக்கு 192.168.10 வரிசை, அவனுடையதற்கு 192.168.20 வரிசை, இரண்டுக்கும் மாஸ்க் (முகவரியில் எந்தப் பகுதி வரிசையைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்) 255.255.255.0. இந்த இணைப்புகளின் அமைப்பில் கேட்வே (வெளியே இணையத்துக்குப் போகும் வழியின் முகவரி) பெட்டி வெறுமையாகவே இருக்க வேண்டும். நிரப்பியிருந்தபோது இணையம் தடுமாறியது. கிராஸ்ஓவர் கேபிள் (இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்க உள்ளே கம்பிகளை மாற்றிய கேபிள்) தேவையில்லை, கிகாபிட் போர்ட் தானே சமாளித்துக்கொள்கிறது.

பழைய 100 மெகாபிட் ரவுட்டரில் விநாடிக்கு 11 மெகாபைட், இப்போது 110. தம்பியின் 40 கிகாபைட் கல்யாண வீடியோ முன்பு ஒரு மணி நேரம் ஊர்ந்தது, இப்போது ஆறு நிமிடத்தில் முடிந்தது.

இடையில் ஒரு நாள் இணைப்பு அறுந்தது. போய்ப் பார்த்தால், வெளியே பனிமூட்டம் என்று அம்மா அந்தக் கேபிளில் ஈரத் துணி காயப்போட்டிருக்கிறார். கிளிப் உடைந்து தொங்குகிறது.

அக்காவும் மடிக்கணினியோடு வரிசையில் நிற்கிறார். சேர்வரில் மூன்றாவது போர்ட் இல்லை. சுவிட்ச் வாங்கத்தான் போகிறேன்.