மறு: வைரல் ஷன்ட் – பக்கவழியா, மடைமாற்றமா?

வணக்கம் தம்பி. கடல்ல பாக்டீரியாவோட கார்பன் மேல மீனுக்கு ஏறாம வைரஸால திரும்பிப்போறத 'வைரல் ஷன்ட்'ன்னு சொல்றாங்க, அதுக்குத் தமிழ்ல நீங்க "வைரஸ் பக்கவழி"ன்னு போட்டது எனக்கு ஒட்டல. பக்கவழியில போனாலும் போற ஊருக்குப் போய்ச் சேர்ந்துருவோம், இங்க கார்பன் போய்ச் சேரவே இல்லயே. பாக்டீரியாவ ஒருசெல் உயிரு திங்குது, அத இன்னும் பெருசு ஒண்ணு திங்குது, இப்படியே மீன் வரைக்கும் ஏறணும், நடுவுல வைரஸ் பாக்டீரியாவுக்குள்ள புகுந்து பெருகி அத ஒடச்சிட்டு வந்துச்சுன்னா உள்ள இருந்ததெல்லாம் தண்ணியில கரைஞ்சி அடுத்த பாக்டீரியாவுக்கே தீனியாயிரும், அதுல ஒரு பங்கு கரிவளியா வெளிய போயிரும். கடல் வைரஸ ஆராய்ஞ்ச வில்ஹெல்மும் சட்டிலும் 1999ல சொன்னது இதத்தான். கடல் தண்ணி ஒரு மில்லிலிட்டர்ல சுமார் 10 மில்லியன் வைரஸ் இருக்குன்னா இது சின்ன விசயமா?

அதனால "வைரஸ் மடைமாற்றம்"னு வைப்போம். மலேசியாவுல நம்ம கோலசிலாங்கூர் எஸ்டேட் பிள்ளைங்களுக்கு மடை எங்க தெரியும்னு கேப்பீங்க. பக்கத்துல தஞ்சோங் காராங் வயல் இருக்கு, வாய்க்கால்ல பலகைய எறக்குனா இந்தப் பாத்திக்குப் போற தண்ணி அந்தப் பாத்திக்குத் திரும்புறத கண்ணால காட்டலாம்.

தயவுசெஞ்சு வைரஸுக்கு "தீநுண்மி"ங்கிற சொல்லு மட்டும் வேணாம். பாக்டீரியாவப் புடிக்கிற இந்த வைரஸ் மனுசன ஒண்ணும் செய்யாது, கடல்ல நைட்ரஜனும் இரும்பும் திரும்பத் திரும்பப் புழங்குறதுல இதுக்குப் பெரிய பங்கு இருக்கு, அதப் போயி தீயதுன்னு பேர்லயே எழுதி வச்சா படிக்கிற பிள்ள தப்பாத்தான் புரிஞ்சிக்கும். அசாம்ங்கிற கடல் ஆய்வாளரும் அவரு கூட்டாளிங்களும் 1983ல சொன்ன மைக்ரோபியல் லூப்புக்கு, அதாவது தண்ணியில கரைஞ்ச கார்பன பாக்டீரியா தின்னு, அத ஒருசெல் உயிரு தின்னு, திரும்ப உணவுச் சங்கிலிக்கே ஏறுறதுக்கு, "நுண்ணுயிர் வளையம்" போதும், "சுழற்சி"ன்னா கார்பன் சுழற்சியோட குழம்பும்.

---

அண்ணே வணக்கம். பக்கவழிய எடுத்துர்றேன், வைரஸையும் வைரஸுன்னே விட்டுர்றேன். ஆனா ஒண்ணு, மடைய மாத்துறது ஆளு வேணும்னே செய்யுற வேலை, வைரஸு அப்படி எதையும் நெனச்சி செய்யல, அது பெருகுது, கார்பன் தானா திரும்பிருது. அதனால "வைரஸ் மடைமாறல்"னு தன்வினையா போட்டா இன்னும் சரியா இருக்கும்னு தோணுது. படிவம் ஆறு டியூஷன்ல ரெண்டு சொல்லையும் போர்ட்ல எழுதி, எத சொன்னா பிள்ளைங்க படத்தத் தப்பில்லாம வரையிறாங்கன்னு பார்க்குறேன்.

இன்னொன்னுக்கும் பேரு வேணும்ணே. நம்ம செம்பனை மில்லு கழிவுக் குளத்துல பழுப்பு ஆடைய முட்டிக்கிட்டு கொப்புளம் வருதே, அந்த மீத்தேன் ஒரே கிருமி செய்யுறது இல்ல. ஒண்ணு ஹைட்ரஜன வெளிய விடுது, அந்த ஹைட்ரஜன் சேந்துட்டா விட்ட கிருமிக்கே வேலை ஓடாது, பக்கத்துல இருக்குற இன்னொரு கிருமி அந்த ஹைட்ரஜன எடுத்து மீத்தேனாக்குனாத்தான் ரெண்டும் பொழைக்கும். சின்ட்ரோபின்னு சொல்றாங்க. "கூட்டுண்ணல்"னு வைக்கலாமா?