1 பேதுரு 2:17: சகோதரத்துவமா, சகோதரர் கூட்டமா?

பொருநை:
பழைய தமிழ் வேதாகமத்தில் "எல்லாரையும் கனம்பண்ணுங்கள், சகோதரரிடத்தில் அன்புகூருங்கள்" என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் 'சகோதரர்' என்ற பன்மை கிடையாது. இருப்பது 'அதெல்போத்தேஸ்' என்ற ஒருமைச் சொல்; 'அதெல்போஸ்' (சகோதரன்) என்பதிலிருந்து வருவது. புதிய ஏற்பாட்டிலேயே அது இரண்டு இடத்தில்தான் வருகிறது: இங்கேயும், பேதுருவின் இதே நிருபத்தில் (கடிதத்தில்) 5:9-லும். போன வாரப் பிரசங்கத்தில் இந்த வசனத்தை வைத்து "மனிதர் எல்லாரும் சகோதரர்" என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. இது ஒரு கூட்டத்தின் பெயர் என்கிறேன்.

கல்வெட்டுப்பிரியன்:
அவசரப்படாதீர்கள் சகோ. அந்தச் சொல்லின் விகுதி பண்புப்பெயருக்கு உரியது, நம் '-த்துவம்' மாதிரி. 1 மக்கபேயர் என்ற பழைய யூத வரலாற்று நூலின் 12-ஆம் அதிகாரத்தில் யூதத் தலைவர் யோனத்தான் கிரேக்கத்து ஸ்பார்த்தா நகரத்தாருக்குக் கடிதம் எழுதுகிறார். "சகோதரத்துவத்தையும் நட்பையும் புதுப்பிக்க" என்னும் இடத்தில் இதே சொல். எங்கோ கிடக்கும் ஸ்பார்த்தாக்காரன் யூதக் கூட்டத்தில் உறுப்பினரா என்ன? 2-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ நூலான 'எர்மாவின் மேய்ப்ப'ரிலும் விருந்தோம்பல், பொறுமை வரிசையில் கடைப்பிடிக்க வேண்டிய ஒரு குணமாகத்தான் வருகிறது.

பொருநை:
மக்கபேயரும் எர்மாவும் சரி. ஆனால் பேதுருவைப் பேதுருவை வைத்தே படிப்போமே. 5:9-ல் உலகெங்கும் உள்ள "உங்கள் அதெல்போத்தேஸ்" இதே பாடுகளை அனுபவிக்கிறது என்கிறார். குணம் அடிவாங்குமா ஐயா? ஆட்கள்தான் வாங்குவார்கள். ரோமாபுரிச் சபையின் கிளமெந்து கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்திலும் (2:4) "அதெல்போத்தேஸ் முழுவதற்காகவும்" இரவும் பகலும் போராடினீர்கள் என்று வருகிறது. 4-ஆம் நூற்றாண்டில் ஆயர் பசிலியார் தம் துறவியர் சமூகத்தையே இந்தப் பெயரால் அழைக்கிறார். 2:17-ஐயும் பாருங்கள்: எல்லாருக்கும் கனம், இவர்களுக்கு அன்பு. இரண்டும் ஒரே ஆட்கள் என்றால் எதற்கு இரண்டு கட்டளை?

சும்மா ஒரு வாசகி:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். 'அதெல்போஸ்' என்பதன் வேர் 'ஒரே கருப்பை'. 'சகோதர'னும் அதேதான், ஸஹ + உதரம், ஒரே வயிறு. கல்வெட்டுப்பிரியன் சொன்ன 'சகோ'வில் வயிறு காணாமல் போய்விட்டது :)
இன்னொன்று. ரோமர் 16:1-ல் பவுல் பெபேயாளைச் சகோதரி என்கிறார். அப்படிப்பட்ட பெண்களும் அந்த ஒருமைப் பெயருக்குள் அடக்கம்தானே? 'சகோதரர்' என்று பெயர்த்ததும் எங்களைக் காணவில்லை.

கல்வெட்டுப்பிரியன்:
வாசகி சொன்னது நியாயம். 5:9-ல் கூட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தைச் சுற்றி மதில் இருந்தது என்பதை ஏற்கமாட்டேன். "உங்கள் சகோதரரைமாத்திரம் வாழ்த்துவீர்களானால், நீங்கள் விசேஷித்துச் செய்கிறது என்ன?" என்று கேட்டவர் இயேசு. கி.பி. 197 வாக்கில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் புறமதத்தாரைப் பார்த்து, இயற்கை என்ற ஒரே தாயால் நாங்கள் உங்களுக்கும் சகோதரர் என்கிறார்.

பொருநை:
அடுத்த வரியை விட்டுவிட்டீர்களே! நீங்கள் கெட்ட சகோதரர், மனிதர் என்றே சொல்ல முடியாது என்கிறார். ஒரே கடவுளைத் தகப்பனாக அறிந்தவர்களுக்குத்தான் அந்தப் பெயர் இன்னும் பொருந்தும் என்று முடிக்கிறார். வெளியே நின்றவர்களுக்கும் மதில் தெரிந்தது. கிரேக்க நையாண்டி எழுத்தாளன் லூசியன் இவர்களின் 'நாமெல்லாம் சகோதரர்' பேச்சைக் கிண்டலடித்தான். கிறிஸ்தவ எழுத்தாளர் மினூசியுஸ் பெலிக்ஸ் நூலில் வரும் எதிராளி, அண்ணன் தங்கை என்று கூப்பிட்டுக்கொண்டே முறைகேடு செய்கிறார்கள் என்று பழி போடுகிறான். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் 'பிலதெல்பியா' (சகோதர அன்பு) பற்றி எழுதியதெல்லாம் உடன்பிறந்தவர்களைப் பற்றித்தான். ரத்தம் இல்லாத இடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் காது கூசியிருக்கும்.

கல்வெட்டுப்பிரியன்:
எகிப்தியப் பாப்பிரஸ் கடிதங்களில் கணவன் மனைவியையே 'சகோதரி' என்று அழைக்கிறான். அங்கே யாருக்கும் காது கூசவில்லை. மதிலில் வாசல் இருந்ததற்கு ஒநேசிமு சாட்சி. பிலேமோனின் அடிமை, 'பிரியமுள்ள சகோதரன்' ஆகிவிட்டானே.

பொருநை:
விசுவாசியான பிறகுதானே ஆனான்?

சும்மா ஒரு வாசகி:
யார் வெளியே என்றே பேசுகிறீர்கள். 2:17-க்கு அடுத்த வசனத்தைப் படித்தீர்களா? வேலைக்காரரே, எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள், முரட்டு எஜமானாக இருந்தாலும். கிரேக்கத்தில் வீட்டு அடிமைகளுக்கான சொல். அதெல்போத்தேஸை நேசியுங்கள் என்று எழுதி மை காயவில்லை.

கல்வெட்டுப்பிரியன்:
அந்த முரட்டு எஜமான் அவிசுவாசியாக இருக்கலாம்.

சும்மா ஒரு வாசகி:
இருக்கலாம். விசுவாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பம் பிட்கும்போது அந்த அடிமை அவனை என்னவென்று கூப்பிட்டிருப்பான்?