மறு: கின்ஷிப் கேர் – ‘உறவினர் பராமரிப்பு’ போதுமா?

> ‘உறவினர் பராமரிப்பு’ என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

வணக்கம்.

புரியும், ஆனால் பாதி ஆட்கள் விடுபட்டுப்போவார்கள். பெற்றோரிடம் இருக்க முடியாத பிள்ளையைச் சொந்தக்காரரோ நெருங்கியவரோ ஏற்றுப் பார்த்துக்கொள்வதுதான் அமெரிக்காவில் ‘கின்ஷிப் கேர்’; நம் அகராதிக்கு அதன் தமிழ்ச் சொல் வேண்டும். 1968-ல் சான்பிரான்சிஸ்கோவில் தேசியச் சமூகநல மாநாட்டிலிருந்து வெளிநடப்புச் செய்தவர்கள் தொடங்கியது தேசியக் கறுப்பினச் சமூகப் பணியாளர் சங்கம். கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் வீடுகளில் ஒப்படைப்பதை அவர்கள் 1972-ல் ஓர் அறிக்கையில் எதிர்த்தது பலருக்கும் தெரியும். பாட்டி, அத்தை, ஒன்றுவிட்ட அண்ணன் வீடுகளை குழந்தைநல முகமைகள் முதலில் அங்கீகரிக்கட்டும் என்று அதே அறிக்கை கேட்டதைப் பேசுவார் குறைவு. எனக்கு அதுதான் முக்கியமான பகுதி.

அந்தச் சமூகத்தில் பிள்ளையை ஏற்பவர் ரத்த உறவாகவே இருக்க வேண்டியதில்லை. ஞானத்தாய், தேவாலயத்தில் பழகியவர், அடுத்த வீட்டுக்காரர் எனப் பலரும் உண்டு. பல மாநிலச் சட்டங்களும் இவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. ‘உறவினர்’ என்றால் இவர்களுக்கு இடமில்லை. ‘உற்றார்’ என்றால் உண்டு. என் பரிந்துரை: உற்றார் பராமரிப்பு.

> ‘உற்றார் வளர்ப்பு’ இன்னும் இயல்பாக இல்லையா?

காதுக்கு இயல்புதான். ஆனால் ‘வளர்ப்புப் பிள்ளை’ என்றதும் தத்து நினைவுக்கு வரும். இங்கே பெற்றோர் உரிமை அற்றுப்போவதில்லை. 2008-ம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி, பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்த 30 நாளுக்குள் தாத்தா பாட்டிக்கும் வயது வந்த பிற உறவினர்களுக்கும் தகவல் போக வேண்டும். பிள்ளைகளை ஏற்க உரிமம் பெற்ற உறவினர் வீட்டில் பிள்ளை 6 மாதம் இருந்தபின், தத்து இல்லாமலே காப்பாளர் உதவித்தொகைக்கும் அதில் வழி உண்டு; அத்திட்டத்தை மாநிலம் ஏற்றிருக்க வேண்டும்.

சிக்கல் உரிமத்தில். உறவினர் என்பதற்காக ஃபாஸ்டர் கேர் தொகையை (அரசுப் பொறுப்பிலுள்ள பிள்ளையைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்குத் தரும் பணம்) மறுக்கக்கூடாது என்று 1979-ல் மில்லர் எதிர் யூவாகிம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் உரிமத் தகுதி இருந்தால்தான் அது செல்லும். பிள்ளைக்குத் தனிப் படுக்கையறை இல்லை, அளவு குறைவு என்று பாட்டியின் வீடு தள்ளுபடியாகும். கையில் கிடைப்பது அதைவிடச் சிறிய நலத்தொகை. உற்றாருக்கென்று தனி உரிம விதிகள் வகுக்க மாநிலங்களுக்கு அனுமதி கிடைத்தது 2023-ல்தான்.

ஆகவே அகராதியில் இரண்டு உட்பதிவுகள் வேண்டும்: முகமை ஒப்படைத்தது ‘முறைசார் உற்றார் பராமரிப்பு’, குடும்பமே பேசி ஏற்றுக்கொண்டது ‘முறைசாரா உற்றார் பராமரிப்பு’. ஃபாஸ்டர் கேர் தொகை முன்னதற்கு மட்டுமே. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் மொழிபெயர்ப்பில் தொகை விவரம் பிழையாகும்.

> ‘உற்றார்’ தனியே நிற்குமா? ‘உற்றார் உறவினர்’ என்று சேர்த்துத்தானே வழக்கம்?

முதல் தடவை ‘உற்றார் உறவினர் பராமரிப்பு’ என்று முழுதாக எழுதி, அடுத்து சுருக்கிக்கொள்ளலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையேல் இப்படியே பதிவேற்றுகிறேன்.